மோட்டார்ஹோமுக்கு ஃபெரி டிக்கெட்: எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது

இங்கிலாந்திலிருந்து மோட்டார்ஹோமில் (படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டி) ஐரோப்பாவுக்குக் கிளம்புகிறவர்களுக்குப் போகும் தேதி தெரியும். திரும்பும் தேதி அவ்வளவு உறுதியாகத் தெரியாது. ஹோட்டல் முன்பதிவு கிடையாது, பிடித்த இடத்தில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கலாம் என்பதற்காகத்தானே இந்த வண்டியே. ஆனால் ஃபெரி (வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் கப்பல்) டிக்கெட்டில் தேதியும் மணியும் அச்சாகியிருக்கும். இந்த இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்பதற்கான வழிகாட்டி இது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். டிக்கெட்டை மாற்றுவது என்பதில் மூன்று தனித்தனி உரிமைகள் அடங்கியிருக்கின்றன. தேதியையோ நேரத்தையோ மாற்றுவது ஒன்று. பயணத்தையே ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறுவது இரண்டாவது. எதையும் மாற்றாமலே, பதிவு செய்த கப்பலுக்குச் சில மணி நேரம் முன்போ பின்போ துறைமுகத்துக்கு வந்தால் கூடுதல் பணமின்றி ஏற்றிக்கொள்வது மூன்றாவது. விலை கூடிய டிக்கெட் என்றால் மூன்றும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இலவசமாக மாற்றித் தந்து பணம் மட்டும் தராத டிக்கெட்டுகள் ஏராளம். இந்த மூன்றில் எது இருந்தாலும் அது மாற்றும் உரிமைதான். கப்பலின் வண்டித் தளத்தில் உங்களுக்கு இடம் ஒதுக்கிய உறுதி அல்ல. கார்க்காரருக்கு இது பெரிய விஷயமில்லை. மோட்டார்ஹோம்காரருக்கு விஷயமே இதுதான்.

படி 1: டேப் எடுத்து வண்டியை அளங்கள்

கார்களுக்குத் தாழ்ந்த கூரையுள்ள தளங்களும் உண்டு. மோட்டார்ஹோம் பெரும்பாலும் லாரிகளும் பேருந்துகளும் நிற்கும் உயரமான தளத்துக்கே போகும். எனவே ஒரு கப்பலில் காருக்கு இடம் காட்டினாலும் 2.9 மீட்டர் உயர வண்டிக்கு அதே கப்பல் நிரம்பியிருக்கலாம்.

உற்பத்தியாளரின் கையேட்டில் உள்ள அளவை அப்படியே போடக் கூடாது. நீளம் என்பது முன் பம்பரிலிருந்து பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கடைசிப் பொருள் வரை: இழுவைக் கொக்கி, சைக்கிள் தாங்கி, அதில் மாட்டிய சைக்கிள் எல்லாம் சேரும். உயரம் என்றால் கூரைப்பெட்டி, சாட்டிலைட் டிஷ், ஏசி, சோலார் பலகை, கூரை ஜன்னலின் மூடி ஆகியவற்றையும் சேர்த்து. ஃபியட் டுகாட்டோவில் செய்த வேன் ஒன்று 5.99 மீட்டர், பின்னால் சைக்கிள் தாங்கி வைத்தால் 6 மீட்டர் எல்லையைத் தாண்டிவிடும். 6, 7 மீட்டர் என்று நீளத்துக்கும், 3 மீட்டரை ஒட்டி உயரத்துக்கும் கட்டணப் படிகள் வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. படிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். இரண்டு அளவுகளிலும் 5 செ.மீ. கூட்டியே பதியுங்கள்.

குறைத்துச் சொல்லி மிச்சம் பிடிக்கலாம் என்பது மோசமான யோசனை. துறைமுகத்தில் அளந்து பார்த்தால் வித்தியாசத்தை அன்றைய விலையில் கட்ட வேண்டும். உயரத் தளம் நிரம்பியிருந்தால் அந்தக் கப்பலில் ஏறவே முடியாது. அப்போது எவ்வளவு விலை உயர்ந்த டிக்கெட் வைத்திருந்தாலும் பயனில்லை, தவறு உங்கள் பதிவில்.

படி 2: கப்பல்கள் எத்தனை என்று பாருங்கள்

டிக்கெட்டின் வகையை விட, அந்த வழியில் ஒரு நாளைக்கு எத்தனை கப்பல் ஓடுகிறது என்பதே உங்கள் சுதந்திரத்தைத் தீர்மானிக்கிறது.

பிரான்சுக்குப் போகும் டோவர்–கலே வழியில் பி அண்ட் ஓ, டிஎஃப்டிஎஸ், ஐரிஷ் ஃபெரிஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் இரவும் பகலும் ஓட்டுகின்றன. டோவர்–டன்கெர்க் வழியில் டிஎஃப்டிஎஸ் சுமார் இரண்டு மணி நேரத்தில் கடக்கும். இங்கே ஒரு கப்பல் போனால் அடுத்தது விரைவில் வரும். எனவே உச்சப் பருவத்துக்கு வெளியே மலிவான டிக்கெட்டே போதும்; தேவைப்பட்டால் மாற்றுக் கட்டணம் கட்டிக்கொள்ளலாம்.

நியூஹேவன்–டியெப் நான்கு மணி நேரம். ஒரு நாளைக்கு ஓடும் கப்பல்கள் சொற்பம். ஹார்விச்சிலிருந்து நெதர்லாந்தின் ஹாலந்து முனைக்கு (Hook of Holland) ஸ்டெனா லைன் பகலில் ஒன்று, இரவில் ஒன்று. ஜெர்மனியின் ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோவிலுக்குப் போகிறவர்களுக்கு இது வசதியான வழி. ஆனால் ஒன்றைத் தவறவிட்டால் அரை நாள் காத்திருக்க வேண்டும்.

போர்ட்ஸ்மவுத்திலிருந்து ஸ்பெயினின் சாந்தாந்தேர், பில்பாவோவுக்குப் போகும் பிரிட்டனி ஃபெரிஸ் கப்பல்கள் கடலிலேயே ஒரு நாளுக்கு மேல் செல்பவை. வாரத்துக்குச் சில முறைதான் உண்டு. அங்கே வண்டிக்கு இடம் கிடைத்தால் மட்டும் போதாது, கேபினும் கிடைக்க வேண்டும். நாய் இருந்தால் நாயை அனுமதிக்கும் கேபின் வேண்டும். முதலில் தீர்ந்துபோவது அதுதான். மாற்றக்கூடிய டிக்கெட்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது உண்மையில் நியாயமாகும் இடம் இந்த நீண்ட வழிகள்தான். அங்கேயும் மாற்றம் வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்பே முடிவெடுக்க வேண்டும்.

உச்சப் பருவம் என்றால் ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை, ஈஸ்டர், பள்ளிகளின் அரைப்பருவ விடுமுறைகள். பாரிஸ் லா ஷப்பேலில் விநாயகர் தேர் ஓடுவது ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ. பிரிட்டனின் ஆகஸ்ட் வங்கி விடுமுறையும் (பொது விடுமுறை நாள்) அதை ஒட்டியே வரும். அந்த வார இறுதிக்கு, டோவரே ஆனாலும், திரும்பும் கப்பலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

லாரிகளின் கணக்கும் உதவும். 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் பிரான்சில் சனி இரவு 10 மணியிலிருந்து ஞாயிறு இரவு 10 மணி வரை பொதுவாக ஓடக் கூடாது. ஆகவே வார நாள் இரவை விட ஞாயிற்றுக்கிழமையில் உயரத் தளத்தில் நெருக்கடி குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். மாற்றுக் கப்பல் தேடும்போது ஞாயிறு காலையை முதலில் பாருங்கள்.

படி 3: டிக்கெட் நிபந்தனைகளில் ஐந்து வரிகள்

பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். எகானமி, ஸ்டாண்டர்ட், ஃப்ளெக்ஸி என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வைப்பார்கள். பெயரை விட்டுவிட்டு, பணம் கட்டும் முன் இந்த ஐந்தையும் தேடுங்கள்: மாற்றுக் கட்டணம் எவ்வளவு; அதற்கு மேல் விலை வித்தியாசமும் உண்டா; எத்தனை மணி நேரம் முன்பு வரை மாற்றலாம்; ரத்து செய்தால் எவ்வளவு, எந்த வடிவில் திரும்பும் (பணமா, அடுத்த பயணத்துக்கான வவுச்சரா); முன்பின் வருவதற்குச் சலுகை நேரம் உண்டா.

பலர் ஏமாறுவது இரண்டாவதில். ‘இலவச மாற்றம்’ என்றால் மாற்றுக் கட்டணம் மட்டுமே இலவசம். புதிய கப்பலின் விலை அதிகமானால் வித்தியாசத்தைக் கட்டியே ஆக வேண்டும். விலை குறைந்தால் மிச்சம் பெரும்பாலும் திரும்பாது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம் (எண்கள் கணக்குக்காக மட்டுமே). மலிவான டிக்கெட் 120 பவுண்டு, மாற்றுக் கட்டணம் 25. மாற்றக்கூடிய டிக்கெட் 160. நீங்கள் மாற விரும்பும் கப்பலின் விலை இரண்டு வகையிலும் 55 பவுண்டு கூடியிருக்கிறது. மலிவான டிக்கெட்டில் ஒரு முறை மாற்றினால் 120 + 25 + 55 = 200. மாற்றக்கூடியதில் 160 + 55 = 215. இலவசமாக மாற்றியவரே 15 பவுண்டு கூடுதலாகக் கட்டியிருக்கிறார். அதே விலையுள்ள இன்னொரு கப்பலுக்கு இரண்டாவது முறை மாற்றினால்தான் நிலைமை திரும்பும்: 225க்கு 215.

ஆக, ஒரே ஒரு முறை, ஒரு நாள் அப்படி இப்படி மாறலாம் என்றால் மலிவான டிக்கெட்டும் மாற்றுக் கட்டணமும் பல வேளைகளில் மலிவு. பயணமே நடக்குமா என்பது சந்தேகமென்றால் முழுப் பணமும் திரும்பும் டிக்கெட்டை எடுங்கள். தேதி நிச்சயம், ஆனால் துறைமுகத்துக்கு எந்த மணிக்கு வருவோம் என்று தெரியாது என்றால் சலுகை நேரமுள்ள டிக்கெட்டைத் தேடுங்கள். அந்த நேர எல்லைக்குள் விலை வித்தியாசமும் கேட்க மாட்டார்கள் என்று நிபந்தனையில் இருந்தால், மூன்றிலும் அதிகப் பயன் தருவது அதுவே. சுவிட்சர்லாந்திலிருந்தோ தெற்கு பிரான்சிலிருந்தோ ஒரே நாளில் ஓட்டி வருகிறவர்களுக்கு அது கொடுத்த பணத்துக்குத் தகும்.

படி 4: ஒருவழியா, இருவழியா?

நீண்ட, தேதி நிச்சயமில்லாத பயணத்துக்கு இரண்டு ஒருவழி டிக்கெட்டுகள் நல்லது. போக டோவர், வர ஹார்விச் என்று வழியை மாற்றலாம். போகும்போது மலிவானது, திரும்பும்போது மாற்றக்கூடியது என்று வகையையும் கலக்கலாம். பணம் கொடுத்துச் சுதந்திரம் வாங்க வேண்டியது திரும்பும் பயணத்துக்குத்தான். திரும்பும் டிக்கெட்டை வாங்காமலே கிளம்புவது குளிர்காலத்தில் டோவர் வழிக்குச் சரிப்படும். ஆகஸ்டிலும் ஸ்பெயின் வழியிலும் சரிப்படாது.

இதில் ஒரு பலவீனம் உண்டு. இரண்டு நிறுவனங்களில் வாங்கி, போகும் கப்பல் ரத்தாகிப் பயணமே நின்றுபோனால், திரும்பும் டிக்கெட்டைத் தந்த நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. ஒரே பதிவாக இருந்தால் பேச இடம் இருக்கும்.

செய்யக் கூடாத ஒன்று: சில நாட்களுக்குள் திரும்பினால் மட்டும் செல்லும் குறுகிய கால இருவழி டிக்கெட் ஒருவழியை விட மலிவாக இருக்கிறது என்று அதை வாங்கி, திரும்பும் பாதியைக் கைவிடுவது. நிபந்தனைகளில் இதற்கு வித்தியாசத்தை வசூலிக்கும் உரிமையை எழுதி வைத்திருப்பார்கள். கார்டு எண் அவர்களிடமே இருக்கிறது.

படி 5: பதிவு செய்யும்போது

வண்டியின் பதிவெண் முக்கியம், செக்-இன்னில் கேமரா அதைத்தான் படிக்கிறது. வாடகை வண்டி என்றால் எண் கடைசி நாளில்தான் தெரியும். முதலில் தற்காலிகமாகப் பதிந்துவிட்டு, எண் கிடைத்ததும் கணக்குக்குள் போய்த் திருத்துங்கள். கூடவே வாடகை நிறுவனம் தரும் வண்டியின் அளவையும் சரிபாருங்கள். ‘இதே மாதிரி’ என்று தரும் வண்டி அரை மீட்டர் நீளமாக இருக்கலாம். வாடகை வண்டியை வெளிநாட்டுக்கு எடுத்துப்போக விஇ103 சான்றிதழ் வேண்டும், அதை வாடகை நிறுவனமே தரும். திரும்பும் தேதியைத் தள்ளினால் வாடகை நாளும் காப்பீட்டு நாளும் தள்ள வேண்டும் என்பதை மறந்துவிட்டு ஃபெரியை மட்டும் மாற்றுகிறவர்கள் பலர். தாமதக் கட்டணம் டிக்கெட்டையே விழுங்கிவிடும்.

டிக்கெட்டை ஃபெரி நிறுவனத்தின் இணையதளத்திலேயே நேரடியாக வாங்குங்கள். முகவர் வழியாகவோ, கேரவன் சங்கத்தின் சலுகையிலோ வாங்கினால் மாற்றத்தையும் அவர்கள் வழியாகத்தான் செய்ய வேண்டியிருக்கும். ஞாயிறு மாலை கலேயில் நின்றுகொண்டு, திங்கள் காலை திறக்கும் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து பயனில்லை.

படி 6: மாற்றும்போது இந்த வரிசையில்

பழைய டிக்கெட்டைத் தொடுவதற்கு முன், புதிய பதிவு செய்வது போலத் தேடிப் பாருங்கள்: உங்கள் நீளம், உயரம், ஆட்கள், நாய், கேபின் எல்லாம் போட்டு. இடம் இருக்கிறதா, இன்றைய விலை என்ன என்று தெரியும். சில நேரம் புதிய ஒருவழி டிக்கெட்டின் விலை, மாற்றுக் கட்டணமும் வித்தியாசமும் சேர்ந்த தொகையை விடக் குறைவாக இருக்கும். அப்போது பழையதை விட்டுவிட்டுப் புதிதாக வாங்குவதே புத்திசாலித்தனம். ஆனால் இருவழி டிக்கெட்டின் முதல் பாதியைப் பயன்படுத்தாமல் விட்டால் இரண்டாவது பாதியும் ரத்தாகக்கூடும் என்பதை நிபந்தனையில் பாருங்கள்.

அடுத்து, தேதியோடு கட்டப்பட்ட மற்றவற்றைப் பாருங்கள்.

நாய்: பிரிட்டனுக்குத் திரும்பும் நாய்க்கு நாடாப்புழு மருந்து கொடுத்து, வந்து சேரும் நேரத்துக்கு 24 முதல் 120 மணி நேரத்துக்கு முன்பாகக் கால்நடை மருத்துவர் பதிந்திருக்க வேண்டும். திங்கள் காலை மருந்து கொடுத்து, புதன் கப்பலைச் சனிக்கிழமை பிற்பகலுக்குத் தள்ளினால் 120 மணி தாண்டிவிடும். மறுபடி மருத்துவர், மறுபடி 24 மணி நேரக் காத்திருப்பு. கப்பலை முன்னுக்கு இழுத்தால் 24 மணி நிரம்பாமல் போகலாம். போகும் வழியிலும் இதே சிக்கல் உண்டு: பிரிட்டனில் வாங்கும் விலங்கு நலச் சான்றிதழ் கையெழுத்தான 10 நாளுக்குள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைய வேண்டும். புறப்பாட்டை ஒரு வாரம் தள்ளினால் சான்றிதழ் காலாவதியாகி, அதற்கு மறுபடி தனிச் செலவு.

பாஸ்போர்ட்: பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் பகுதியில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாள்தான். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பாவின் புதிய நுழைவு–வெளியேற்றப் பதிவு முறை நடைமுறைக்கு வந்திருப்பதால், முத்திரை மங்கியிருந்தது என்ற சமாதானம் இனி எடுபடாது. 89ஆம் நாளுக்குத் திரும்பும் டிக்கெட் வைத்திருப்பவருக்கு எந்த ஃப்ளெக்ஸியும் உதவாது. ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். குடும்பத்தில் ஒருவர் பிரெஞ்சு அல்லது ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவருக்கு இந்தக் கணக்கு இல்லை, வண்டியிலுள்ள மற்ற பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களுக்குப் பொதுவாக உண்டு.

இவையெல்லாம் சரியென்றால் மட்டும் மாற்றுங்கள். புதிய உறுதிப்படுத்தல் மின்னஞ்சலில் நீளம், உயரம், நாய் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாற்றத்தின்போது உதிர்ந்துபோவது பெரும்பாலும் நாய்தான்.

படி 7: துறைமுகத்தில்

டோவரில் பிரெஞ்சு எல்லைக் காவலர்கள் இங்கிலாந்து மண்ணிலேயே பாஸ்போர்ட் பார்க்கிறார்கள். வரிசை நீள்வது பெரும்பாலும் அங்கேதான். 2022 ஜூலையில் விடுமுறை தொடங்கிய வார இறுதியில் மணிக்கணக்கில் வண்டிகள் நின்றன. புறப்பாட்டுக்கு 90 நிமிடம் முன்பே துறைமுகத்தில் இருங்கள், விடுமுறை நாளில் இன்னும் முன்பு.

முன்கூட்டி வந்துவிட்டால் செக்-இன்னில் கேளுங்கள்: முந்தைய கப்பலில் இடம் இருந்தால் சில சமயம் இலவசமாக, சில சமயம் கட்டணத்தோடு ஏற்றுவார்கள். தாமதமானால், துறைமுகத்துக்குள் வரிசையில் மாட்டியதற்கு ஒரு நியாயம், வழியில் மாட்டியதற்கு வேறு நியாயம். துறைமுக நெரிசலால் கப்பலைத் தவறவிட்டவர்களை டோவர் நிறுவனங்கள் வழக்கமாக அடுத்து இடமுள்ள கப்பலில் ஏற்றிவிடும். நெடுஞ்சாலை நெரிசலுக்கு அந்தக் கடமை கிடையாது. எனவே கப்பல் புறப்படுவதற்கு முன்பே, கைபேசியிலாவது, மாற்றம் கேட்டுவிடுங்கள். புறப்பட்ட பின் நீங்கள் வராதவர் கணக்கில் சேர்வீர்கள். வராதவருக்கு மலிவு டிக்கெட்டில் எதுவும் மிஞ்சாது.

ஃபெரி கிடைக்காவிட்டால் கடலுக்கடியில் வண்டிகளை ஏற்றிச் செல்லும் சுரங்க ரயிலில் போய்விடலாம் என்று மாற்றுத் திட்டம் வைத்திருப்பவர்கள் தங்கள் கேஸ் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். ஃபோக்ஸ்டனிலிருந்து கிளம்பும் ‘லெஷட்டில்’ (LeShuttle) என்ற அந்த ரயில் 35 நிமிடத்தில் கடக்கும், ஆனால் எல்பிஜியில் ஓடும் இன்ஜின் உள்ள வண்டியை ஏற்றாது. சமையலுக்கும் சூடேற்றவும் வைத்திருக்கும் கேஸுக்கும் அளவு உண்டு: எடுத்து மாற்றும் சிலிண்டர் ஒன்று என்றால் 47 கிலோ வரை, ஒன்றுக்கு மேல் என்றால் மொத்தம் 50 கிலோ, வண்டியோடு பொருத்திய தொட்டி 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருக்கக் கூடாது.

படி 8: ரத்து செய்வது ஃபெரி நிறுவனம் என்றால்

இங்கே உங்கள் டிக்கெட் மலிவா, விலை உயர்ந்ததா என்பது பொருட்டே அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 ஒழுங்குமுறைப்படி (பிரிட்டனும் பிரெக்சிட்டுக்குப் பின் இதைத் தன் சட்டத்தில் வைத்துக்கொண்டது) புறப்பாடு ரத்தானால், அல்லது 90 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால், மாற்று வழியில் கொண்டு சேர்ப்பதா, 7 நாளுக்குள் கட்டணத்தைத் திருப்பித் தருவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு. வவுச்சர் மட்டும்தான் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் இழப்பீடு: 4 மணி நேரம் வரையான பயணத்தில் ஒரு மணி நேரத் தாமதத்துக்கும், 4 முதல் 8 மணி நேரப் பயணத்தில் 2 மணிக்கும், 8 முதல் 24 வரையானதில் 3 மணிக்கும், அதற்கு மேற்பட்டதில் 6 மணிக்கும் கட்டணத்தில் 25 சதவீதம், தாமதம் அதைப் போல் இரு மடங்கைத் தாண்டினால் 50 சதவீதம். இருவழி டிக்கெட்டில் பாதி விலையை வைத்தே கணக்கிடுவார்கள். புயல் காரணமென்றால் இழப்பீடு கிடையாது, தங்குமிடமும் கிடையாது. ஆனால் மாற்று வழி அல்லது பணம் என்ற உரிமை புயலிலும் நிற்கும். தங்குமிடத்துக்கு ஒழுங்குமுறை சொல்லும் உச்சவரம்பு இரவுக்கு 80 யூரோ, மூன்று இரவு. படுக்கையையே ஓட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு அது பெரிதாகத் தேவைப்படாது.

தேதி போடாத திறந்த டிக்கெட்டுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. புறப்படும் நேரம் குறிக்கப்படாத வரை மேற்சொன்ன உதவியோ மாற்று வழியோ இழப்பீடோ எதுவும் பொருந்தாது. மிகச் சுதந்திரமான டிக்கெட்டுக்குத்தான் பாதுகாப்பு மிகக் குறைவு. அப்படி ஒன்று கையிலிருந்தால், புயல் எச்சரிக்கை வரும் முன்பே ஒரு கப்பலில் நேரத்தைக் குறித்துவிடுங்கள்.

மாற்று வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் உயரத் தளத்தை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் டாரா புயலுக்குப் பின் வேல்ஸின் ஹாலிஹெட் துறைமுகம் மூடி, 2025 ஜனவரி நடுப்பகுதியில்தான் திறந்தது. அயர்லாந்து போகும் லாரிகள் பெம்ப்ரோக், ஃபிஷ்கார்ட் பக்கம் திரும்பின. இப்படிப்பட்ட நேரத்தில் ‘உங்களை மாற்றிவிட்டோம்’ என்று வரும் குறுஞ்செய்தியை நம்பி 200 கிலோமீட்டர் ஓட்டக் கூடாது. வண்டியின் நீளமும் உயரமும் அச்சான புதிய உறுதிப்படுத்தல் வந்த பிறகே கிளம்புங்கள். பழைய டிக்கெட், ரத்துச் செய்தி, புதிய டிக்கெட், வழிச் செலவு ரசீது நான்கையும் வைத்துக்கொண்டு, பயணம் நடந்த அல்லது நடந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 2 மாதத்துக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் செய்யுங்கள். ஒரு மாதத்துக்குள் நிலையைத் தெரிவிக்க வேண்டும், 2 மாதத்துக்குள் இறுதிப் பதில் தர வேண்டும் என்பது விதி.